நிக்ஸ் வெல்லுமா? கணக்கு வேறு, ஆசை வேறு

என்பிஏ கூடைப்பந்து லீக்கின் 2025ஆம் ஆண்டு பிளேஆஃப் சுற்றுகள், நம் நேரப்படி வரும் ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 20ஆம் தேதி அதிகாலை தொடங்குகின்றன. 82 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவம் முடிந்துவிட்டது. இனி 16 அணிகள் மட்டுமே களத்தில் இருக்கும். ஜூன் மாதம் அவற்றுள் ஒன்று கிண்ணத்தைத் தூக்கும். அது நியூயார்க் நிக்ஸ் அணியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கேட்டால், நூற்றில் ஒன்று, மிஞ்சிப்போனால் நான்கு என்பது என் கணிப்பு.

இதை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொன்னபோது வந்த முதல் பதில்: “டேய், நீ நிக்ஸ் ரசிகனா, இல்ல செல்டிக்ஸ் ஆளா?” அடுத்து வந்தது: “நீயே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?” மூன்றாவது நண்பன் எதுவும் எழுதவில்லை. பாம்பு படம் ஒன்றை மட்டும் அனுப்பினான்.

அவர்களுக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இந்தக் கட்டுரை. நம் அணியின் வாய்ப்பை உள்ளபடி எடைபோடுவது துரோகம் இல்லை. அந்த எடையைப் பார்த்த பிறகும் அணியோடு நிற்பதுதான் ரசிகர் செய்யக்கூடிய நேர்மையான வேலை என்று நான் நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் எனக்கு நியூயார்க் அணி எப்படி வந்தது என்று சிலர் கேட்பதுண்டு. 2012 பிப்ரவரியில் ஜெரமி லின் என்ற ஆசிய அமெரிக்க வீரர், எங்கிருந்தோ வந்து நிக்ஸ் அணியைத் தூக்கி நிறுத்தினார். லேக்கர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 38 புள்ளிகள் எடுத்தார். அப்போது என் அண்ணன் 17ஆம் எண் சட்டையை வாங்கினார். அண்ணனின் பழைய சட்டைகள் தம்பிக்கு வருவது வழக்கம்தானே. அதோடு சேர்ந்து அணியும் வந்துவிட்டது. நிக்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்றது 1973இல். 2025இல் அதற்கு 52 ஆண்டுகள். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு 2024 வரை கிழக்குப் பிரிவின் இறுதிச்சுற்றைக்கூட எட்டியதில்லை.

நம்பிக்கைக்கு என்ன காரணம்?

முதலில் நல்ல செய்தி. இந்தப் பருவத்தில் நிக்ஸ் 51 ஆட்டங்களில் வென்று, 31இல் தோற்று, கிழக்குப் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அணித்தலைவர் ஜேலன் பிரன்சன் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 26 புள்ளிகள் எடுத்தார். மினசோட்டாவிலிருந்து வந்த கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் 24 புள்ளிகளும் கிட்டத்தட்ட 13 ரீபவுண்டுகளும் தந்தார். மிக்கால் பிரிட்ஜஸுக்காக அணி நிர்வாகம் ஐந்து முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்புகளை விட்டுக்கொடுத்தது. பிரன்சன், ஜாஷ் ஹார்ட், பிரிட்ஜஸ் மூவரும் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடி 2016இல் கல்லூரிக் கிண்ணம் வென்றவர்கள். அந்தப் புரிந்துணர்வு களத்தில் தெரிகிறது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கணுக்காலில் காயம் பட்ட பிரன்சன், ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். கடந்த ஆண்டு நிலைமை வேறு. இந்தியானாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அவரது கை எலும்பு முறிந்தது. மற்ற முக்கிய வீரர்கள் பலரும் அதற்கு முன்பே காயத்தில் வீழ்ந்திருந்தார்கள். இம்முறை அணி முழு பலத்தோடு நுழைகிறது.

இனி, நண்பர்கள் பேச விரும்பாத எண்ணுக்கு வருவோம். லீக்கின் மிக வலுவான மூன்று அணிகள் ஒக்லஹோமா சிட்டி தண்டர் (68 வெற்றி), கிளீவ்லேண்ட் கவாலியர்ஸ் (64), பாஸ்டன் செல்டிக்ஸ் (61). இந்த மூன்றுடனும் நிக்ஸ் பருவத்தில் மொத்தம் 10 ஆட்டங்கள் ஆடியது. பத்திலும் தோற்றது.

பத்துக்குப் பூஜ்யம் என்பதை எப்படிப் படிப்பது? உயர்நிலைப் பள்ளியில் படித்த நிகழ்தகவே போதும். அந்த அணிகளுக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் வெல்ல நிக்ஸுக்கு 30 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தொடர்ந்து பத்திலும் தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 3 விழுக்காடுதான். 20 விழுக்காடு என்று வைத்தால், பத்திலும் தோற்பதற்கு ஏறத்தாழ 11 விழுக்காடு வாய்ப்பு. 10 விழுக்காடு என்று வைத்தால் 35. அதாவது, “சும்மா அதிர்ஷ்டம் இல்லை” என்று தள்ளிவிட முடியாத முடிவு இது.

எதிர்வாதமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அந்தப் பத்தில் பெரும்பாலானவை, தற்காப்பில் பெரும் பலமான மிட்செல் ராபின்சன் பிப்ரவரி இறுதியில் களம் திரும்புவதற்கு முன்பு நடந்தவை. இம்மாதம் 8ஆம் தேதி பாஸ்டனிடம் கூடுதல் நேரத்தில் இரண்டே புள்ளிகளில்தான் தோற்றோம். ஆகவே 30 விழுக்காட்டை விடக் கொஞ்சம் கூடுதலாகவே நான் மதிப்பிடுகிறேன். ஆனால் ஐம்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரசிகர்களின் மூன்று வாதங்கள்

ஆண்டுதோறும் இந்த வாரத்தில் எல்லா அணிகளின் ரசிகர்களும் மூன்று வாதங்களைச் சொல்வார்கள்.

முதலாவது, “பிளேஆஃப் வேற, பருவம் வேற.” இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2007இல் 67 ஆட்டங்கள் வென்ற டாலஸ், மேற்குப் பிரிவில் எட்டாம் இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தது. 2016இல் 73 வெற்றிகளோடு சாதனை படைத்த அதே கோல்டன் ஸ்டேட், இறுதிச்சுற்றில் 3-1 என முன்னிலை பெற்றும் கிளீவ்லேண்டிடம் கிண்ணத்தை இழந்தது. 2023இல் லீக்கிலேயே அதிக வெற்றி பெற்ற மில்வாக்கியை, எட்டாம் இடத்து மயாமி 4-1 எனத் தோற்கடித்து இறுதிச்சுற்று வரை போனது. ஆனால் இவை ஏன் நமக்கு நினைவில் இருக்கின்றன? அரிதாக நடந்ததால்தான். எதிர்பார்த்த அணி எதிர்பார்த்தபடி வென்ற நூற்றுக்கணக்கான தொடர்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை. மயாமியும்கூட இறுதியில் டென்வரிடம் 4-1 எனத் தோற்றது.

இரண்டாவது, “யாருக்கும் அடிபடலைன்னா நாமதான்.” இது எல்லா அணிகளுக்கும் பொருந்தும் வாதம். எதிரணியும் முழு பலத்தோடு வரும் என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. போதாக்குறைக்கு, இந்தப் பருவத்தில் லீக்கிலேயே சராசரியாக அதிக நிமிடங்கள் ஆடியவர் நம் ஜாஷ் ஹார்ட். இந்தப் பருவத்தில் பயிற்றுவிப்பாளராக இருந்த டாம் திபடோ தொடக்க ஐவரை நீண்ட நேரம் களத்தில் வைத்திருந்தார். ஏப்ரலில் களைத்த கால்கள் ஜூன் வரை தாங்குமா என்பது நியாயமான கேள்வி.

மூன்றாவது, “மூணாவது இடத்துல இருந்து ஜெயிச்ச அணிகள் இருக்கு.” உண்மைதான். 2004இல் டெட்ராய்ட், 2011இல் டாலஸ், 2021இல் மில்வாக்கி, 2022இல் கோல்டன் ஸ்டேட் என நான்கும் தங்கள் பிரிவில் மூன்றாம் இடத்திலிருந்து கிண்ணம் வென்றவை. மூன்று வாதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அந்த அணிகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். 2022இன் கோல்டன் ஸ்டேட்டில் ஏற்கெனவே மூன்று கிண்ணங்கள் வென்ற கர்ரி, தாம்சன், கிரீன் மூவரும் இருந்தார்கள். 2021இன் மில்வாக்கி அதற்கு முந்தைய இரு பருவங்களிலும் லீக்கில் முதலிடம் பிடித்திருந்தது. 2011இன் டாலஸ், இறுதிச்சுற்றில் சந்தித்த மயாமியைப் பருவத்தின் இரு ஆட்டங்களிலும் தோற்கடித்திருந்தது. நாமோ பத்துக்குப் பூஜ்யம்.

நான்கு படிகள், ஒரு பெருக்கல்

கிண்ணம் வெல்ல ஓர் அணி நான்கு தொடர்களை வெல்ல வேண்டும். ஒவ்வொரு தொடரிலும் முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணி முன்னேறும். இந்த முறை வலுவான அணிக்குச் சாதகமானது. ஓர் ஆட்டத்தில் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்புள்ள அணிக்கு, ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 71 விழுக்காடாக உயர்ந்துவிடும். எதிரணியின் 40 விழுக்காடு 29ஆகச் சுருங்கிவிடும். ஆட்டங்கள் கூடக் கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது.

இப்போது நிக்ஸின் பாதை. முதலில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். இதைச் சுலபம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கடந்த பருவத்தில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, மொத்தமே 14 வெற்றிகளோடு முடித்த அணி அது. இந்தப் பருவத்தில் 44 வெற்றிகள். கேட் கனிங்ஹம் தலைமையில், நம்மோடு ஆடிய நான்கில் மூன்றை வென்றது. நிக்ஸுக்கு 65 விழுக்காடு தருகிறேன். அடுத்து, 2024இன் வெற்றியாளர் பாஸ்டன் வரும் என்று வைத்துக்கொண்டால் 25. கிழக்குப் பிரிவு இறுதியில், பெரும்பாலும் கிளீவ்லேண்டுக்கு எதிராக, 30. இறுதிச்சுற்றில் மேற்கின் வெற்றியாளருக்கு எதிராக 25. இவை என் சொந்த மதிப்பீடுகள். நான்கையும் பெருக்கினால் 1.2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ எண்பதில் ஒன்று.

“நீ ரொம்பக் கஞ்சன்” என்றான் பாம்பு படம் அனுப்பிய நண்பன். சரி, தாராளமாகவே தருகிறேன்: 75, 35, 40, 35. பெருக்கினால் 3.7 விழுக்காடுதான் வருகிறது. ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பார்க்கும்போது “முடியும்” என்று தோன்றும். நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மலையின் உயரம் தெரிகிறது.

இதே பெருக்கலை லீக்கின் மிகச் சிறந்த அணிக்கும் போட்டுப் பாருங்கள். தண்டர் அணி இந்தப் பருவத்தில் எதிரணிகளைச் சராசரியாக ஏறத்தாழ 13 புள்ளிகள் வித்தியாசத்தில் விஞ்சியது; இது லீக் வரலாற்றில் புதிய சாதனை. அதற்கு 90, 75, 75, 65 என்று தருவோம். விடை 33 விழுக்காடு. எல்லாரும் கைகாட்டும் அணிக்கே மூன்றில் ஒரு வாய்ப்புதான்! அது வெல்லாமல் போவதற்கான வாய்ப்பு, வெல்வதற்கான வாய்ப்பைப்போல் இரு மடங்கு. ஆகவே “தண்டர்தான், எழுதி வச்சுக்கோ” என்று அடித்துச் சொல்பவரும் “நிக்ஸ்தான்” என்று அடித்துச் சொல்பவரும் வேறு வேறு அளவில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்.

இதில் என்ன கெட்டுப்போகிறது?

விளையாட்டுதானே, ஆசைக்குச் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். ஆசைக்குச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆசை கணிப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போதுதான் இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன.

ஒன்று, பணம். “இந்தத் தொடர் உறுதி” என்ற பேச்சு, எங்கள் வயதுக்காரர்கள் சிலரிடம் “அப்போ அம்பது வெள்ளி போடு” என்று முடிவதை நான் பார்த்திருக்கிறேன். பந்தயத் தளங்கள் தரும் விகிதங்களை விழுக்காடாக மாற்றி, எல்லா அணிகளுக்கும் கூட்டினால் நூறைத் தாண்டும். அந்தக் கூடுதல்தான் தளத்தின் இலாபம். யார் வென்றாலும் அது அவர்களுக்கு. போதாததற்கு, உரிமம் பெறாத இணையத்தளத்தில் பந்தயம் கட்டுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். தன் அணிமீது உள்ள பாசத்தை நிகழ்தகவு என்று நினைத்துக்கொள்பவர்தான் அத்தகைய தளங்களுக்கு மிகவும் வேண்டப்பட்ட வாடிக்கையாளர்.

இரண்டாவது, வீரர்கள். தோல்விக்குப் பிறகு வீரர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் வந்து குவியும் வசவுகளைப் படித்தால் தெரியும். உறுதியாக வெல்வோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவருக்கு, தோல்வி என்பது யாரோ செய்த குற்றமாகத்தான் தெரியும். குற்றவாளி ஒருவர் தேவைப்படுவார். ஐந்து தேர்வு வாய்ப்புகளுக்கு ஈடாக வந்தவர் என்பதால் பிரிட்ஜஸ் ஒவ்வொரு முறை தவறவிடும்போதும் கேட்ட ஏச்சு கொஞ்சமில்லை. எண்பதில் ஒன்று என்று அறிந்து பார்க்கும் ரசிகருக்கு, இரண்டாம் சுற்றில் தோற்பது வருத்தம் தரும், கோபம் தராது. முதல் சுற்றை வென்றாலே அது பரிசுதான்.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சிங்கப்பூர் சிலிங்கர்ஸ் அணி ஆசியான் கூடைப்பந்து லீக்கின் இறுதிச்சுற்றுக்கு மூன்று முறை போனது. 2016இல் மலேசியா டிராகன்ஸ், 2017இல் ஹாங்காங் ஈஸ்டர்ன், 2019இல் இந்தோனீசியாவின் சிஎல்எஸ் நைட்ஸ் என மூன்று முறையும் கிண்ணம் கை நழுவியது. முதலாவதும் மூன்றாவதும் ஐந்தாம் ஆட்டம் வரை இழுத்தன. அந்த ஆண்டுகளில் காலாங்கில் உள்ள ஓசிபிசி அரங்கத்துக்குப் போய்க் கத்திய சிங்கப்பூரர்கள் வீணாகவா கத்தினார்கள்? கிண்ணம் வந்தால்தான் அந்த மாலைகளுக்கு மதிப்பு என்றால், ஆண்டுதோறும் ஓர் அணியின் ரசிகர்களைத் தவிர மற்ற எல்லாரும் நேரத்தைத் தொலைத்தவர்கள் ஆவார்கள்.

மாணவர்களான நமக்கு இந்தப் பயிற்சி கூடைப்பந்தோடு நிற்பதில்லை. எந்தப் பல்கலைக்கழகப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது, எந்த உபகாரச் சம்பளத்துக்கு முயல்வது என்று முடிவெடுக்கும்போதும் இதே இரண்டு கேள்விகள் நம் முன் நிற்கின்றன: எனக்கு இது எவ்வளவு வேண்டும்? எனக்கு இது கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? முதல் கேள்வியின் விடையை இரண்டாவதில் எழுதுபவர் மாற்று ஏற்பாடு இல்லாமல் மாட்டிக்கொள்வார். இரண்டாவதின் விடையை முதலில் எழுதுபவரோ, வாய்ப்பு குறைவு என்பதாலேயே விருப்பத்தைக் கைவிட்டுவிடுவார். இரண்டு விடைகளையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தால், முயன்று பார்க்கவும் துணிச்சல் வரும், மாற்று வழியும் கையில் இருக்கும்.

குறைந்த வாய்ப்பு என்பது பூஜ்யம் இல்லை என்பதையும் நிக்ஸ் வரலாறே சொல்கிறது. 1999இல் கிழக்குப் பிரிவின் எட்டாம் இடத்திலிருந்து கிளம்பிய நிக்ஸ் இறுதிச்சுற்று வரை போனது. அங்கே சான் அன்டோனியோவிடம் தோற்றாலும், அந்த வசந்தகாலத்தைப் பற்றி நியூயார்க்கில் இன்றும் பேசுகிறார்கள். எண்பதில் ஒன்று என்பது எப்போதோ ஒருமுறை நடக்கும். எப்போது நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்ததாகச் சொல்வதுதான் பொய்.

உங்களுக்கும் ஓர் அணி இருந்தால், முதல் ஆட்டத்துக்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். அது வெல்லும் என்று வெறுமனே சொல்லாதீர்கள். எத்தனை விழுக்காடு என்று ஓர் எண்ணை எழுதுங்கள், நான்கு சுற்றுக்கும் தனித்தனியாக. நண்பர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஜூன் மாதம் எடுத்துப் பாருங்கள். யார் நன்றாக எடைபோட்டார் என்பது தெரியும். அடித்துச் சொன்னவர்களில் எத்தனை பேர் எழுத மறுத்தார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் குழுவில் இதுவரை மூன்று பேர் எழுதிவிட்டார்கள். “நீயே நம்பலைன்னா” என்று கேட்டவன் நிக்ஸுக்கு எழுதிய எண்களைப் பெருக்கினால் ஐந்து விழுக்காடு வந்தது. கொஞ்ச நேரம் அவன் பதிலே போடவில்லை. பிறகு, “இருந்தாலும் ஞாயித்துக்கிழமை காலையில எழுந்துருவேன்” என்று எழுதினான். நானும் எழுந்துவிடுவேன்.